லிஸ்ட்டில் விட்டுப்போன இடம்

தண்ணீர்க் குழாய் முதலில் எங்கே மெலியும் என்று கேட்டால், எங்கள் தொழிலில் நேற்று சேர்ந்த பையன்கூட "எல்போ சார்" என்பான். குழாய் திரும்புகிற முழங்கை. அதிலும் அதன் வெளிப்பக்கம். நாங்கள் முதுகு என்போம். வேகமாக வருகிற வெந்நீர் சட்டென்று திரும்ப முடியாமல் அந்த முதுகில் உரசிக்கொண்டுதான் திரும்பும். இரும்பின் உட்பக்கம் தானாகப் படிந்திருக்கிற கறுப்புப் படலம்தான் அதற்குப் போர்வை. தண்ணீர் அந்தப் போர்வையைக் கரைத்துக்கொண்டே இருக்கும், இரும்பு புதுப் போர்வை போட்டுக்கொண்டே இருக்கும், போடப் போட உடம்பு மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் பளபளவென்று அப்படியே இருக்கும்.

அந்த மெலிவை அளப்பதுதான் என் பிழைப்பு. அம்பத்தூரில் ஒரு சின்ன என்.டி.டி. கம்பெனியில் 2004லிருந்து இருக்கிறேன். பொருளை உடைக்காமல் உள்ளே என்ன கோளாறு என்று பார்க்கிற வேலை. ஸ்கேன் சென்டர் மாதிரிதான், நோயாளி மட்டும் இரும்பு. சாரத்தில் ஏறி, பெயின்ட்டைச் சுரண்டி, வயர் பிரஷ் போட்டு, வெள்ளை உலோகம் தெரிந்ததும் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து, அதன்மேல் விரல் நுனி அளவு ப்ரோபை அழுத்த வேண்டும். ஒலி உள்சுவர் வரை போய் மோதித் திரும்பும். திரையில் சுவரின் கனம் மில்லிமீட்டரில் எண்ணாக வரும். 6.9. கொஞ்சம் நகர்த்தினால் 6.7. இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் சில சமயம் 4.2. அந்த நேரம் கை தானாக நின்றுவிடும். ப்ரோபைத் துடைத்து, கையோடு கொண்டுவந்த படிக்கட்டு பிளாக்கில் வைத்துக் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி வைப்பேன். மறுபடியும் 4.2 வந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுக் கீழே இருக்கிற இன்ஜினியரைக் கூப்பிட வேண்டியதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப். போன டிசம்பரில் அணுசக்திக்கான புதுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, இரண்டாவது மாடி சார் ஒரு ஃபார்வர்டு போட்டார். கல்பாக்கத்துக்கு 40 வயது தாண்டிவிட்டதாம், எக்ஸ்பயரி தேதி முடிந்துவிட்டதாம், நம் வேளச்சேரியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தானாம். கீழே இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். யாரோ என்னை டேக் செய்து "நீங்கதான் அணு ஆளாச்சே, சொல்லுங்க" என்றார்கள். நான் அணு ஆள் ஆனது இப்படி: கதிர்வீச்சால் இரும்பைப் படம் பிடிக்கிற ரேடியோகிராபி வேலைக்குப் போகும்போது சட்டையில் குத்திக்கொள்ளும், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கிற டி.எல்.டி. பேட்ஜை ஒரு தடவை கழற்ற மறந்து, என் மனைவி அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டாள். அன்றிலிருந்து பில்டிங்கில் எனக்கு அந்தப் பெயர். பேட்ஜைத் துவைத்ததற்கு நான் எழுதிக்கொடுத்த விளக்கக் கடிதம் தனிக் கதை.

குரூப்பில் நாலு வரி எழுதினால் நாப்பது வரி சண்டை வரும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வயது. கல்பாக்கத்தின் முதல் உலை உயிர்பெற்றது 1983 ஜூலை 2. நான் அதே வருஷம் செப்டம்பரில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். அணு உலைகளைக் கண்காணிக்கிற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது 1983 நவம்பர் 15. ஆக, உலை எனக்கு இரண்டு மாதம் மூத்தது, அதைக் கண்காணிக்க வேண்டியவர் எனக்கு இரண்டு மாதம் இளையவர். பிள்ளை பிறந்து நாலு மாதம் கழித்து வாத்தியாரை வேலைக்கு வைத்த மாதிரி. அதுவரை அணுசக்தித் துறைக்குள்ளேயே ஒரு குழு பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷமே இன்னொன்றும் நடந்தது. ஆகஸ்ட் 1, கனடாவில் பிக்கரிங் நிலையம், இரண்டாவது உலை. கல்பாக்கமும் பிக்கரிங்கும் ஒரே குடும்பம், கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீரில் ஓடுகிற கனநீர் உலைகள். பெரிய உருளைத் தொட்டி ஒன்றைப் படுக்கப்போட்டு, அதற்குள் நூற்றுக்கணக்கில் குழாய்களைச் செருகியிருப்பார்கள். ஒவ்வொன்றும் குழாய்க்குள் குழாய். உள்குழாயில் எரிபொருளும் சூடான கனநீரும். வெளிக்குழாயைச் சுற்றி ஆறின கனநீர். இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவே வளையல் மாதிரி சுருள் ஸ்பிரிங். பிக்கரிங்கில் அந்த வளையல் இடம் நகர்ந்துவிட்டது. உள்குழாய் வருஷக்கணக்காகச் சூட்டில் தொய்ந்து, வெளிக்குழாயைத் தொட்டது. தொட்ட இடம் குளிர்ந்தது. சிர்க்கோனியம் என்கிற உலோகத்துக்கு ஒரு கெட்ட குணம்: உள்ளே புகுந்த ஹைட்ரஜன் குளிர்ந்த இடமாகப் பார்த்துப் போய்ச் சேரும், அங்கே கொப்புளம் கட்டும். அந்தக் கொப்புளத்தில் ஆரம்பித்த விரிசல் இரண்டு மீட்டர் நீளத்துக்குக் குழாயைக் கிழித்தது. ஆட்கள் சாமர்த்தியமாக உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்தக் குழாய் செய்திருந்த சிர்க்கலாய்-2 என்ற அதே உலோகம்தான், அப்போதுதான் உயிர்பெற்றிருந்த கல்பாக்கத்திலும்.

அதற்கப்புறம் இந்தியாவிலும் உலையை நிறுத்துகிறபோதெல்லாம் சேனல்களுக்குள், அதாவது அந்தக் குழாய் ஜோடிகளுக்குள், கருவி விட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்த பார்சிஸ் என்ற கருவி உள்ளே ஊர்ந்து போய், வளையல் எங்கே இருக்கிறது, குழாய் எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்று பார்க்கும். அதன் தலையில் இருப்பதும் நான் கையில் பிடிக்கிற அல்ட்ராசோனிக் ப்ரோபின் பெரியப்பா மகன்தான். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த உலைமேல் ஒரு சொந்தம்.

சொந்தம் என்றால் நிஜமாகவே உண்டு. என் அம்மாவின் தம்பி, மாமா, கல்பாக்கத்தில் மெக்கானிக்கல் மெயின்டனன்ஸில் இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறார். 2002 ஜனவரியில் இரண்டாவது உலையை நிறுத்தி, 306 சேனலையும் மொத்தமாக உருவிப் புதுசு போட்டார்களே, அந்த வேலையில் இருந்தவர். பழைய சிர்க்கலாய்க்குப் பதில் நையோபியம் கலந்த சிர்க்கோனியம். இரண்டு தளர்ந்த வளையலுக்குப் பதில் நாலு இறுக்கமான வளையல். ஒன்றரை வருஷம் ஆனது.

அந்தப் பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் அவர் வீட்டுக்கு வரவில்லை. பிறகு கேட்டபோது சொன்னார்:

"டேய், புதுசு போடறது பெரிய வேலை இல்லடா. பழசை எடுக்கறதுதான். வெளியில மாதிரி உலை ஒண்ணு செஞ்சு வச்சு அதுல பழகினோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எத்தனை செகண்டுன்னு கணக்கு. ஒரு ஆளுக்கு இவ்வளவு டோஸ்தான். முடிஞ்சா வெளிய வந்து உட்காரணும். நல்ல ஃபிட்டர் ஒருத்தன், பாதி வேலையில டோஸ் முடிஞ்சு வெளிய உட்கார்ந்திருப்பான் பாரு, அவன் மூஞ்சியைப் பார்க்கணும். பந்தியில பாதி சாப்பாட்டுல எழுப்பி விட்ட மாதிரி."

டோஸ் என்பது உடம்பில் படுகிற கதிர்வீச்சு. அது வருஷத்துக்கு 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது, ஐந்து வருஷத்துச் சராசரி 20க்குள் இருக்க வேண்டும். வாரியத்தின் கணக்கு அது, எனக்கும் அதேதான். கனநீரில் உண்டாகிற கதிர்வீசும் ஹைட்ரஜனான டிரிட்டியம் காற்றில் இருக்கிற இடம் என்றால் காற்றுக் குழாய் சொருகின பிளாஸ்டிக் சூட். வெளியே வந்ததும் சிறுநீர் சாம்பிள். "மோரா குடிச்சுத் தள்ளுவேன், சீக்கிரம் வெளிய போயிடும்" என்பார். அத்தைக்கு அந்த மோர் ரகசியம் ஓய்வுபெற்ற பிறகுதான் தெரியும்.

அதே நிறுத்தத்தில் இன்னொரு பழைய கடனையும் அடைத்தார்கள். 80களின் கடைசியில், தொட்டிக்குள் கனநீரைப் பரப்பிவிடுகிற பாகம் உடைந்து துண்டுகள் அடியில் விழுந்துவிட்டன, இரண்டு உலையிலும். அதை வெளியே எடுத்து ரிப்பேர் செய்வது நடக்கிற காரியமில்லை. கனநீர் வரும் வழியை மாற்றிவிட்டு, 235 மெகாவாட் உலைகளை 170 மெகாவாட்டில் ஓட்டினார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம். சேனல் மாற்றும்போது மூன்று சேனல் இடங்களில் கனநீர் தெளிக்கிற ஸ்பார்ஜர் குழாய்களை வைத்த பிறகுதான் 220க்கு வந்தது. முடியாத உடம்பை அதட்டாமல் மெதுவாக நடக்கவிட்டது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றும். கரண்ட் இல்லாத மெட்ராஸ் கோடையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது.

இப்போது அந்த எக்ஸ்பயரி தேதிக்கு வருகிறேன். மாத்திரை அட்டையில் அடித்திருப்பது போல உலைக்கு ஒன்றும் கிடையாது. அமெரிக்காவில் 40 வருஷ லைசென்ஸ் கொடுத்து, அதை 60, 80 என்று நீட்டுகிறார்கள். நம் நாட்டில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸ். பத்து வருஷத்துக்கு ஒரு முறை தலைமுதல் கால்வரை முழுப் பரிசோதனை. கல்பாக்கம் இரண்டாவது உலையின் சேனல்களுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று. அதைத் தாங்குகிற தொட்டிக்கும் அதைச் சுற்றிய கான்கிரீட்டுக்கும் நாற்பதுக்கு மேல். முதல் உலையை 2018 தொடக்கத்தில் நிறுத்தி வருஷக்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஆக, 'எத்தனை வயசு' என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தப் பாகத்துக்கு, அதை யார் கடைசியாகக் கை வைத்துப் பார்த்தார்கள் என்று கேட்க வேண்டும்.

புதுசு போட்டதும் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2016 மார்ச் 11, குஜராத்தில் காக்ராபார் முதல் உலையில் ஒரு சேனல் கசிந்தது. ஃபுகுஷிமாவின் ஐந்தாவது நினைவு நாள் அன்றைக்கே. நையோபியம் கலந்த உள்குழாய்தான். எல்லோரும் குழாயின் உள்பக்கத்தையே நினைத்துக்கொண்டிருக்க, அரிப்பு வந்தது வெளிப்பக்கத்தில். இரண்டு குழாய்க்கும் நடுவே ஓடுகிற கரியமில வாயுப் பக்கம், அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிப் புள்ளியாக. அங்கே அப்படி வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைவிடக் கிட்டே வந்து குத்துவது ஜப்பானின் மிஹாமா. 2004 ஆகஸ்ட் 9. நான் வேலையில் சேர்ந்த வருஷம். மூன்றாவது உலையின் டர்பைன் கட்டடத்தில், கதிர்வீச்சே இல்லாத சாதாரண வெந்நீர்க் குழாய் ஒன்று வெடித்து ஐந்து பேர் வெந்து செத்தார்கள். அவர்கள் சில நாளில் ஆரம்பிக்கவிருந்த ஷட்டவுனுக்குச் சாமான் எடுத்துவைக்க வந்த கான்ட்ராக்ட் ஆட்கள். எங்களை மாதிரி. குழாய் முதலில் 10 மில்லிமீட்டர். வெடித்தபோது மிக மெலிந்த இடத்தில் 0.4. ஓட்டம் அளக்கிற ஓரிஃபைஸ் தட்டுக்குப் பின்னால், தண்ணீர் சுழித்துக்கொண்டு அரிக்கிற இடம். எல்போவுக்கு அடுத்தபடி நாங்கள் முதலில் வட்டம் போடும் இடமே அதுதான். அப்படிப்பட்ட இடத்தை 1976ல் நிலையம் ஆரம்பித்ததிலிருந்து 28 வருஷம் ஒரு தடவைகூட அளக்கவில்லை.

யாரும் சோம்பேறித்தனமாக இருந்துவிடவில்லை. மற்ற இடங்களையெல்லாம் ஒழுங்காக அளந்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த இடம் லிஸ்ட்டில் இல்லை, அவ்வளவுதான். முதலில் லிஸ்ட் எழுதினபோது விட்டுப்போயிருந்தது. விட்டுப்போனதைப் பின்னால் ஒருவர் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். வரப்போகிற ஷட்டவுனில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பல வருஷம் முன்பு, 1986 டிசம்பரில், அமெரிக்காவில் சர்ரி நிலையத்தில் ஒரு எல்போ இதே மாதிரி வெடித்து நாலு பேர் இறந்த கதையை உலகமே படித்திருந்தது.

இந்த 'அப்புறம் பார்த்துக்கலாம்' நமக்கும் புதிதில்லை. 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசம் நரோரா, அதிகாலை மூன்றரை மணி. டர்பைன் பிளேடு உடைந்து, ஜெனரேட்டரைக் குளிர்விக்கிற ஹைட்ரஜன் தீப்பிடித்து, கேபிள் வழியாக நெருப்பு ஓடியது. மெயின் கேபிளும் அவசரத்துக்கான கேபிளும் ஒரே பாதையில் போட்டிருந்தார்கள். ஆகவே அவசர மின்சாரமும் போனது. 17 மணி நேரம் இருட்டு. ஆபரேட்டர்கள் டார்ச் லைட்டோடு மேலே ஏறிப் போய், உலை மறுபடி உயிர்பெறாமல் இருக்க போரான் கரைசலைக் கையால் வால்வு திறந்து விட்டார்கள். நீராவிக் கொதிகலன்களுக்கு டீசலில் ஓடும் தீயணைப்பு பம்ப்பில் தண்ணீர். அந்த பிளேடின் வடிவத்தில் கோளாறு இருக்கிறது, மாற்றுங்கள் என்ற தகவல் முன்பே வந்திருந்தது. நரோராவுக்கு அப்புறம்தான் மற்ற நிலையங்களில் பிளேடுகளைச் சோதிப்பதும் கேபிள் பாதைகளைப் பிரிப்பதும் வேகம் பிடித்தது.

அன்று டார்ச்சோடு ஏறியவர்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். நான் ஒரு தடவை ஏறாமலே இருந்துவிட்டவன்.

2006. வடசென்னையில் ஒரு ஆலை, பெயர் வேண்டாம். வருடாந்திர ஷட்டவுன், பாய்லருக்குத் தண்ணீர் போகிற ஃபீட் லைனில் 64 இடம் அளக்க வேண்டும். 59 முடித்தேன். மிச்சம் ஐந்தும் பைப் ரேக்கின் உச்சியில், சாரம் கட்டினால்தான் கை எட்டும். சாரம் கட்டும் ஆட்கள் அன்று வேறு யூனிட்டில். மறுநாள் காலையில் லைனில் தண்ணீர் விட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு அந்த ஆலையின் ஷிஃப்ட் பொறுப்பாளர் வந்தார். திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, பக்கத்துல எல்லாம் என்ன வருது? 6.8, 6.9தானே? அதே மெட்டீரியல், அதே தண்ணி. போட்டு முடி. உங்க பில்லும் இந்த மாசமே பாஸ் ஆகட்டும்."

எங்கள் சம்பளம் அந்த பில்லில் இருந்தது. ஐந்து கட்டத்திலும் எழுதினேன். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றி: 6.8, 6.9, 6.8, 6.7, 6.9. கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆட்களிடையே இதற்கு டேபிள் ரீடிங் என்று பெயர். பெயர் வைக்கிற அளவுக்கு வழக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

கூலி கொடுப்பவனிடம் 'முடியாது' என்று சொல்ல 23 வயதில் எனக்குத் தெரியவில்லை. சொல்லக்கூடிய ஆளை அடுத்த வருஷம் பார்த்தேன். ஒரகடத்துக்குப் பக்கத்தில் ராத்திரி ரேடியோகிராபி. சோர்ஸ் என்கிற கதிர்வீசும் இரிடியம் உள்ள கேமரா, கயிறு கட்டி, சிவப்பு விளக்கு போட்டு வேலை நடக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப் வந்தது. வாரியத்தின் இன்ஸ்பெக்டர். வந்தவர் முதலில் கேட்டது லைசென்ஸ் அல்ல, கதிர்வீச்சு எவ்வளவு என்று காட்டுகிற சர்வே மீட்டர். கையில் கொடுத்தேன். ஆன் செய்தார். பேட்டரி செத்திருந்தது. "இது இல்லாம சோர்ஸ் உள்ள போயிடுச்சான்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்றார், சத்தமே போடாமல். வேலை அங்கேயே நின்றது. எங்கள் முதலாளி போனில் கெஞ்சினார், சைட் மேனேஜர் கத்தினார். அவர் டைரியில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்த இரண்டு பேரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஒரு வாரம் வேலை போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்களை மாதிரிச் சின்ன ஆட்களிடம் அந்த வாரியம் இவ்வளவு விறைப்பு. தன் சொந்த வீட்டில் எப்படி என்பதுதான் நெடுநாள் கேள்வி. நாட்டின் உலைகளை ஓட்டுகிற என்.பி.சி.ஐ.எல். இருப்பது அணுசக்தித் துறைக்குக் கீழே. துறையின் செயலாளர்தான் அணுசக்தி ஆணையத்தின் தலைவர். வாரியம் இத்தனை வருஷமாகப் பதில் சொல்லிவந்தது அந்த ஆணையத்துக்கு. நான் அளக்கிற குழாயின் சொந்தக்காரரே என் கம்பெனிக்கும் தலைவர் என்றால் எப்படி இருக்கும்? வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் 1995ல் நாட்டின் அணு நிலையங்களில் 130க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகளைத் தொகுத்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் அவருடைய பதவிக்காலம் முடிந்தது, பதவியை விட்டு வெளியே வந்து பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். 2012ல் சி.ஏ.ஜி. தணிக்கை, வாரியத்துக்கு விதிகளை வகுக்கிற அதிகாரம்கூட இல்லை, அபராதம் யாரையும் தடுக்காத அளவுக்குச் சொற்பம் என்று எழுதியது. நாட்டில் பத்தில் ஒன்பது எக்ஸ்ரே மையங்கள் பதிவே செய்யவில்லை என்றும் அதில்தான் வந்தது. தனிச் சட்டத்தோடு புது ஆணையம் அமைக்க 2011ல் கொண்டுவந்த மசோதா, 2014ல் மக்களவை கலைந்ததோடு காலாவதியானது. எக்ஸ்பயரி தேதி அதற்குத்தான் இருந்தது. 2015ல் சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் எழுதுங்கள் என்றார்கள். போன டிசம்பர்ச் சட்டம் ஒருவழியாக வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கிறது. அதே சட்டம் தனியார் கம்பெனிகளுக்கும் உலைக் கதவைத் திறக்கிறது. டீ வாங்கிக் கொடுக்கிற ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் இனி அங்கேயும் வருவார்கள்.

இதையெல்லாம் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "உள்ள இருக்கறவன் பொண்டாட்டி புள்ளையோட அங்கயேதான்டா குடியிருக்கான்" என்பார். அதுவும் நிஜம். 2004 டிசம்பர் 26 காலையில் அவர் வீட்டில் இருந்தார். கடல் தண்ணீர் பம்ப் ஹவுஸுக்குள் ஏறி, பம்ப்புகள் மூழ்கி, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையை உடனே நிறுத்தினார்கள். முதலாவது அப்போது சேனல் மாற்ற நிறுத்தியிருந்தது. உலை பத்திரமாக ஆறியது. வாரியம் பார்த்துச் சம்மதித்த பிறகு ஜனவரி 2ல் மறுபடி கிளப்பினார்கள். மாமா அதைப் பற்றிச் சொன்னது ஒரே ஒரு தடவை. "அன்னிக்கு உலைக்கு ஒண்ணும் ஆகல. குவார்ட்டர்ஸுக்குத்தான் ஆச்சு." டவுன்ஷிப்பில் இறந்தவர்களில் அவருடைய பக்கத்து லைன்காரர்களும் உண்டு. அதற்குமேல் நான் கேட்டதில்லை.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு எல்லாப் பழைய நிலையங்களிலும் வெளியிலிருந்து தண்ணீர் செலுத்த இணைப்புக் குழாய், இழுத்துக்கொண்டு போகும் டீசல் ஜெனரேட்டர், நிலநடுக்கம் வந்தால் தானாக நிறுத்துகிற ஏற்பாடு என்று சேர்த்தார்கள். மாமா இதைப் பெருமையாகச் சொல்வார். நான் "லிஸ்ட்டைப் பார்த்தீங்களா மாமா, யார் எழுதினது?" என்று கேட்டு வம்புக்கு இழுப்பேன்.

அவரிடம் சொல்லாத கதை ஒன்று பாக்கி.

2017ல் அதே வடசென்னை ஆலைக்கு மறுபடி போனேன், இந்தத் தடவை சூப்பர்வைசராக. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் புதிதாக ஒரு இன்ஜினியர், முப்பது வயதுகூட இருக்காது. கம்ப்யூட்டரில் எல்லா இடத்துக்கும் மிச்ச ஆயுள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அந்த ஐந்து இடங்களைப் பார்த்தேன். முதல் இடம் 1996ல் புதுசாக 7.1, 2006ல் 6.8. வருஷத்துக்கு 0.03 தேய்மானம். 3.5 வரை தாங்கும். ஆகவே மிச்ச ஆயுள் 110 வருஷம். 110 வருஷம் தாங்குகிற குழாயை யார் அளப்பார்கள்? அந்த ஐந்தையும் லிஸ்ட்டிலிருந்து எடுத்திருந்தார்கள். எடுத்தது என் கையெழுத்து.

சாரம் கட்டச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள், சந்தேகமாக இருக்கிறது என்றேன். நானே ஏறினேன். முதல் எல்போ, முதுகு. சுரண்டி, கிரீஸ் வைத்து, ப்ரோபை அழுத்தினேன். 3.9. பிளாக்கில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி. 3.9. இருபத்தொரு வருஷத்தில் 3.2 போயிருக்கிறது. 110 வருஷம் என்றது இரண்டரை வருஷம்.

கீழே இறங்கி இன்ஜினியரிடம் போய், "சார், 2006 ஷீட்டுல இருக்கற 6.8 நான் எடுக்கல. எழுதினேன்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். ஃபைலை எடுத்தார். பழைய ஷீட்டில் அந்த 6.8ன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, பேனாவை என்னிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை?"

"நாலு சார்."

"சாரத்தை இன்னிக்குப் பிரிக்க வேணாம்னு சொல்லுங்க" என்றபடி ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவரும் என்னோடு ஏற வந்தார்.